நாற்பத்து நான்கு கிலோ

தாம்பரம் ஸ்டேஷனில் அப்போது எடை பார்க்கும் மிஷின் ஒன்று இருந்தது. கலர் லைட் சுற்றும். ஒரு ரூபாய் போட்டால் சின்ன அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறு பக்கம் ஜோசியம். பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயில் ஏறும் ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்காரர் அதில் ஏறி நிற்பார். பம்மலில் தோல் ஷெட்டில் ஈரத்தோல் தூக்கின ஆள். கல்யாணத்தின்போது அறுபத்தைந்து கிலோ. அட்டையில் ஐம்பது, நாற்பத்தாறு, நாற்பத்திரண்டு என்று இறங்கிக்கொண்டே வந்தது.

வயிற்றுவலி, பேதி. முதலில் குடல் டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள். ஒன்பது மாசம் விழுங்கினார். பிறகு குழாய் விட்டுப் பார்த்து, குரோன் நோய் என்றார்கள். முழுசாகத் தீராது, மருந்தில் அடக்கி வைக்கலாம் என்றார்கள். எனக்குப் புரிந்தது குடலில் புண் என்பது மட்டும். புண்ணுக்கு எங்கள் பக்கம் பத்தியம்தான். மீன், முட்டை, கறி, பால் எல்லாவற்றையும் நிறுத்தினேன். கஞ்சி, இரண்டு இட்லி, தெளிந்த ரசம். டாக்டர் யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்தேன். நான் மீன் விற்கிறவள். மார்க்கெட்டிலிருந்து வந்ததும் பின்பக்கம் போய் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவேன், வாசனை பட்டு அவருக்கு ஆசை வந்துவிடக் கூடாதென்று. "மீன்காரி புருஷன், சாமியாராயிட்டேன்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பார். ஒரு நாள் மட்டும், "கொழம்பு வேணாம், சும்மா ஒரு துண்டு வேக வெச்சுக் குடேன்" என்றார். "வாயக் கட்டுனாதான் வயிறு ஆறும். கம்முனு கெட" என்றேன். அப்புறம் கேட்கவில்லை. இரண்டு வருஷம்.

ஒரு தடவை அட்டையில் நாற்பத்து நான்கு விழுந்தது. இரண்டு கிலோ ஏறியிருந்தது. நம்பாமல் இன்னொரு ரூபாய் போட்டார். அதே நாற்பத்து நான்கு. "பாத்தியா, சதை புடிக்குது" என்றார். கால்கூட உருண்டு தெரிந்தது. ரயிலில் அட்டையைக் கையிலேயே வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் நீட்டினார். டாக்டரம்மா அட்டையைப் பார்க்கவில்லை. காலில் கட்டை விரலை அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. மூடவில்லை.

"இது சதை இல்லம்மா, தண்ணி. உடம்புல சத்து இல்லன்னா இப்படித்தான் கால்ல நிக்கும். என்ன சாப்பிடுறாரு?"

நான் பெருமையாகத்தான் சொன்னேன். கஞ்சி, இட்லி. இரண்டு வருஷமாக மீன், முட்டை கண்ணில் காட்டவில்லை என்றேன்.

"யாரு சொன்னா?"

"நானாத்தான்" என்றேன். டாக்டரம்மா திட்டவில்லை. இந்த நோயில் சாப்பிடுகிற சாப்பாடே சரியாக உடம்பில் ஒட்டாது, அதையும் நிறுத்தினால் எப்படி என்றார். குடல் சுருங்கின இடத்தை ஆபரேஷன் செய்ய வேண்டும், இந்த உடம்பு தாங்காது, நாற்பத்தைந்து கிலோவாவது நிஜ எடையாக வரட்டும் என்றார். முட்டை கொடு, காரமில்லாமல், முள் எடுத்து மீன் கொடு என்றார்.

அன்றிலிருந்து கூடையில் நல்ல மீனை அவருக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் விற்றேன். சுறாவை அவித்து உதிர்த்துக் கொடுப்பேன். முதலில் நீர் வடிந்து எடை இன்னும் இறங்கியது. முப்பத்தொன்பது. "துன்னா எறங்குதுடி" என்றார். "துன்னு" என்றேன். பிறகு நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு ஆனபோது குடல் ஓட்டையாகிவிட்டது. அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். தையல் கூடவில்லை. பதினோரு நாள் இருந்தார்.

அந்தப் பதினோரு நாளில் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இப்போதும் பம்மல் மார்க்கெட்டில்தான் உட்காருகிறேன். "வூட்ல அவருக்கு ஒடம்பு சரியில்லக்கா, பத்தியம், மீன் வேணாம்" என்று சொல்லிவிட்டுச் சில பெண்கள் தாண்டிப் போவார்கள். "டாக்டரக் கேட்டியா?" என்பேன். கேட்டிருக்க மாட்டார்கள். மீன் விற்பதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.