எலும்புக்கூடுகளுக்கு ஒரு சூப்பர்வைசர்

இது நியாயமா? நீங்களே சொல்லுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, நிக்டியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், ஜெயித்துக்கொண்டிருந்த ஒரு யுத்தத்தில் நான் தோற்கடிக்கப்பட்டேன். தோற்றேன் என்று சொல்ல மாட்டேன்... தோற்கடிக்கப்பட்டேன்!

லண்டனில் இருக்கும் மச்சினன் லீவில் வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்தான். உள்ளே விரல் உயரத்துக்கு ஈயப் பொம்மைகள். குதிரை வீரர்கள் ஒரு படை, எலும்புக்கூடுகள் ஒரு படை. மேஜைமேல் அணிவகுத்து, டேப் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். பக்கத்து வீட்டு மராத்திக்காரர் தேஷ்பாண்டே குதிரைகளைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் செத்தவர்கள்தான் மிச்சம்.

வாராவாரம் உதை. கடைசியில் போன ஞாயிறு தேஷ்பாண்டே, எங்களோடு பழகிக் கற்ற, இந்தி கலந்த அரைத் தமிழில் பந்தயம் கட்டினார்.

“அண்ணா, ஆஜ் தோத்தா எலும்பு சப் எனக்கு. டீக் ஹை?”

இன்று தோற்றால் என் எலும்புப் படை மொத்தமும் அவருக்காம். “டீக் ஹை!” என்றேன். ரோஷம் யாரை விட்டது?

சும்மா சொல்லவில்லை. ஃபாக்டரி பஸ்ஸில் போகவர ரூல் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தேன். எலும்புக்கூடு மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் பயம் என்பதே கிடையாது. எத்தனை பேரை வெட்டினாலும் மிச்சமிருப்பவன் ஓட மாட்டான். அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? நடுவில் நெருக்கமாக நிறுத்திவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும். எதிரியின் குதிரைகள் பாய்ந்து வந்து சிக்கிக்கொள்ளும். அப்புறம் நம் படையிலும் இருக்கிற நாலைந்து எலும்புக் குதிரைகளைப் பக்கவாட்டில் விட்டு நசுக்கிவிடலாம். ஒரே நிபந்தனை – இவர்களை எழுப்பி நடத்துகிற மந்திரவாதி பின்னால் பத்திரமாக இருக்க வேண்டும். அவன் போனால் மொத்தப் படையும் உதிர்ந்துவிடும்.

அப்படியே நடந்தது! குதிரைகள் சிக்கின. தேஷ்பாண்டேவுக்கு வேர்த்தது. அம்பயர் செல்வராஜ் – கட்கியில் ஸ்கூல் வாத்தியார் – “அண்ணே, ஆஜ் உங்க நாள்தான்” என்றே சொல்லிவிட்டார்.

அப்போதுதான் என் எலும்புக்கூடுகள் வேலை பார்க்கிற லட்சணத்தைக் கவனித்தேன். பகடையை உருட்டினால் ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று... இப்படியா அடிப்பது? ஷிஃப்ட் சூப்பர்வைசர் சார் நான். ஆட்கள் மசமசவென்று நின்றால் எனக்கு இருப்புக் கொள்ளாது. பக்கத்தில் போய் நின்றால்தானே வேலை நடக்கும்? மந்திரவாதியை எடுத்து, முன்வரிசையை ஒட்டி நிறுத்தினேன்.

“அண்ணே, வேணாம்ணே... சோச் லோ, நல்லா யோசிங்க!” என்றார் செல்வராஜ்.

“நீங்க சும்மா இருங்க. மேற்பார்வை இல்லாம எங்கேயாவது வேலை நடக்குமா?”

மேஜை மூலையில் தேஷ்பாண்டேவுக்கு ஒரே ஒரு வில்லாளி மிச்சமிருந்தான். உருட்டினார். ஆறு. மந்திரவாதி மல்லாந்தான். செல்வராஜ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் படையை ஒவ்வொன்றாக மேஜையிலிருந்து எடுக்க ஆரம்பித்தார்.

வந்ததே எனக்குக் கோபம்!

“என்னய்யா ரூல் இது? மேலே ஒருத்தன் விழுந்தா அத்தனை பேரும் அப்படியே உட்கார்ந்துடுவானா? எந்த ஊர்ல நடக்குது இந்த அநியாயம்?”

பகோடாத் தட்டோடு வந்த என் மனைவி சாரதா நின்றாள்.

“அதானே? மஞ்சள் காமாலைல நீங்க ஒரு மாசம் படுத்திருந்தீங்களே, உங்க ஷிஃப்ட் நின்னா போச்சு? அந்த மாசந்தானே உங்க ஷிஃப்டுக்கு ஷீல்டே கொடுத்தாங்க!”

செல்வராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தேஷ்பாண்டே திரும்பக்கூட இல்லை, என் முகத்துக்கு நேரே சிரித்தார். பகோடாவையும் விடவில்லை.

யோசிக்க யோசிக்க வயிறு எரிகிறது. நான் இல்லாவிட்டால் நின்றுபோகிற ஷிஃப்ட் உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதான் இருந்தது... அதையும் தேஷ்பாண்டே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்!