படகுத்துறையில் மொண்ட தண்ணீர்

தண்ணீர் பரிசோதனை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

ஜவ்வாது மலை ஏரியில் சாம்பிள் எடுக்கப் போன முதல் நாள், என் சீனியர் நேராகப் படகுத்துறைக்குக் கூட்டிப்போனார். "இங்கயே மொண்டுக்கப்பா. ஒரு மணி பஸ்ஸ வுட்டா சாயந்தரம்தான். பாட்டில சுத்தி வெக்கிற ஐஸ் உருகிப் பூட்டா லேப்ல வாங்கமாட்டான்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. பதினோரு வருடம் நானும் அதே கடைசிப் படியில் நின்று பாட்டிலை முக்கினேன். ஒவ்வொரு முறையும் 'ஏரி நீர் திருப்திகரம்' என்று ரிப்போர்ட் வரும். கையெழுத்துப் போட்டு ஃபைலில் சேர்ப்பேன்.

நான் ஓய்வு பெறும் வருடம், சின்னப்பொண்ணு என்கிற பெண் படகுத்துறையில் என்னை மறித்தாள். ஏரியின் மறுகோடியில் சாமை விதைக்கும் குடும்பம். குடிப்பதும் அந்தக் கோடித் தண்ணீரைத்தான். அதற்கு மேலே சரிவில் வரிசையாகச் சுற்றுலா விடுதிகள் வந்திருந்தன; அவற்றின் கழிவுநீர் அந்தக் கோடியில்தான் இறங்கும்.

"இன்னா சார், எப்ப வந்தாலும் இங்கயே மொள்றீங்க? நாங்க குடிக்கிறது அந்தக் கோடியிலங்க. தண்ணி பச்சையா கீது. கொயந்தைங்களுக்கு ஓயாம வயித்தால போவுது."

"பஸ் போயிடும்மா."

"போனா போவட்டுங்க. புளி ஏத்தினு போற ஜீப்புல நான் ஏத்தி வுடறேன்."

அன்று பஸ்ஸை விட்டேன். மறுகோடியில் மொண்ட பாட்டில் ஐஸ் உருகுவதற்குள் லேபுக்குப் போய்ச் சேர்ந்தது. ரிப்போர்ட்டும் வந்தது. தண்ணீரில் மலக்கிருமி, குடிக்க லாயக்கில்லை.

எங்கள் ஆபீஸ் இன்ஜினியர் பழைய ஃபைலைப் புரட்டினார். "பதினோரு வருஷமா ஏரி நல்லா இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஒரு சாம்பிள் தப்பா வந்தா பாட்டில்லதான் ஏதோ கோளாறு."

"அதெல்லாம் படகுத்துறை சார். இது மறுகோடி."

"சரி, மறுகோடிக்குப் பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கா?"

இருந்திருந்தால் தண்ணீர் எப்போது கெட ஆரம்பித்தது, இப்படியே போனால் இன்னும் எவ்வளவு கெடும் என்று காட்டியிருக்கலாம். என்னிடம் ஒரு காகிதம் கூட இல்லை. என் கையெழுத்தே எனக்கு எதிராக நின்றது. வெட்கமாக இருந்தது.

"அடுத்த ரவுண்டுல பாக்கலாம்" என்று ஃபைலை மூடினார். அதற்குள் நான் ரிட்டயர் ஆகிவிட்டேன்.

கடைசியாக மலைக்குப் போய், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி சின்னப்பொண்ணிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "உங்களுக்கு அப்புறம் வர்றவரு எங்க மொள்ளுவாருங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அப்படி வருகிறவர் நீங்கள்தான். படகுத்துறையிலிருந்து மறுகோடிக்கு ஒன்றரை மணி நேர நடை. பஸ் போனால் போகட்டும்.