வீட்டுக்காரர் நூல் விட்ட கதை

போன செவ்வாய்க்கிழமை காலை. அடுப்பில் கேப்பை அடை வெந்துகொண்டிருந்தது. திடீரென்று என் இடது மணிக்கட்டில் என்னவோ ஊர்ந்தது.

திரும்பிப் பார்த்தால் எங்கள் வீட்டுக்காரர். எனக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் ஒரு நூல் — ஒரு முனை என் மணிக்கட்டில், மறு முனை தரையில்.

"என்னங்க பண்றீங்க?"

"எறும்பு. உம்மேல ஏறிக்கினு இருந்துச்சி."

எறும்பை யாராவது நூல் வைத்துப் பிடிப்பார்களா? அதுவும் சற்று முன்புதான், "தரை ஜில்லுன்னு இருக்குது, செருப்பு போட்டுக்கோ" என்று கரிசனமாகச் சொல்லியிருந்தார். கல்யாணமான நாள் முதல் இந்தத் தரை ஜில்லென்றுதான் இருக்கிறது. இன்றைக்கு மட்டும் என்ன திடீர் அக்கறை?

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும், நான் ஒரு சந்தேகப் பிராணி. பால்காரரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் பாலைப் பார்ப்பேன். 'மாபெரும் தள்ளுபடி' என்று போர்டு வைத்த கடைக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன். அப்படிப்பட்டவள் ரிடையரான கணவரைச் சும்மா விடுவேனா?

கொஞ்ச நாளாகவே ஆள் சரியில்லை. கடைத்தெருவுக்குக் கிளம்பினால், "நீ முன்னால போ, வர்றேன்" என்கிறார். என்னோடு சேர்ந்து நடக்க வெட்கமா, இல்லை பின்னால் யாருக்காவது காத்திருக்கிறாரா? ஹாலில் புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரில் வரிசையாகக் கை அழுக்கு. யார் வேலை என்று கேட்டால் ஃபேனைப் பார்க்கிறார். போன் வந்தால் உடனே தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறார்.

அன்று மதியமும் போனார். நான் துணி காயப்போடும் சாக்கில் கொடிப் பக்கம் ஒதுங்கி நின்றேன்.

"பச்ச மூங்கில் வேணாம்ப்பா. நல்லா காஞ்சதா பாரு. வீட்ல தெரியக் கூடாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் நூல் பிடித்தது என்னை அளக்கத்தானா? ஆளை அளந்து மூங்கில் வாங்கினால் அது எதற்கு என்று திண்டிவனத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாடைக்கு. அதுவும் ஆள் போன பிறகு... நான் இன்னும் அடை சுட்டுக்கொண்டல்லவா இருக்கிறேன்?

அப்புறம் நிதானமாக யோசித்தேன். பாடைக்குப் பச்சை மூங்கில்தான் வெட்டுவார்கள், இவர் காய்ந்ததைக் கேட்கிறார். தவிர, மணிக்கட்டு உயரத்துக்குப் பாடை கட்டினால் பாதி ஆள் வெளியே கிடக்க வேண்டியதுதான். ஆக, கொலைத் திட்டம் இல்லை. வேறு என்னவோ இருக்கிறது.

அவர் குளிக்கப் போன நேரத்தில் போனை எடுத்தேன். கடைசியாகப் பேசியது 'ஏழுமலை காணை'. காணை, விழுப்புரம் பக்கத்து ஊர். நம்பரைக் குறித்துக்கொண்டு என் போனிலிருந்து கூப்பிட்டேன்.

"சொல்லும்மா. சிலம்பக் கழியா, கைத்தடியா? கழின்னா புருவம் வரைக்கும் ஒயரம் அளந்து சொல்லுங்க. கைத்தடின்னா செருப்பு போட்டுக்கினு நிக்கணும், கைய தொங்கப் போட்டு மணிக்கட்டு வரைக்கும் நூல் புடிக்கணும்."

செருப்பு. மணிக்கட்டு. நூல். எல்லாம் விளங்கிவிட்டது. எனக்குக் கைத்தடி செய்யக் கொடுத்திருக்கிறார்!

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மாடிப்படி ஏறும்போது "முருகா" என்பேன், அது பக்தி. அதற்காக என்னைக் கிழவியாக்கிக் கையில் தடியைக் கொடுப்பாரா? ஆர்டரை நேரிலேயே போய் கேன்சல் செய்வது என்று முடிவெடுத்தேன். மறுநாள் விழுப்புரம் பஸ், அங்கிருந்து காணை பஸ்.

ஏழுமலையின் கொட்டகையில் வியாபாரம் ஜோராக நடந்துகொண்டிருந்தது. பாண்டிச்சேரி சிலம்ப கிளாஸ்களுக்குப் போக வேண்டிய கழிகள் கட்டுக் கட்டாக நின்றன. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் தோல் நெருப்பில் மூங்கிலை வாட்டி, ஒரு கவட்டைக் கட்டைக்குள் கொடுத்து அமுக்கி நிமிர்த்திக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஆபீஸ்ல இருந்து வர்றீங்க? மூங்கில் எல்லாம் பில்லு போட்டு வாங்கினதும்மா."

பரவாயில்லை, நம் ஜாதிதான் என்று நினைத்துக்கொண்டேன். சந்தேக ஜாதி.

"திண்டிவனத்துக்கு ஒரு கைத்தடி ஆர்டர் இருக்குதில்ல? அது வேணாம். எனக்கு ஒண்ணும் தடி ஊனற வயசு ஆயிடல."

அவர் மூங்கிலைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு யாரும்மா செய்யச் சொன்னாங்க? அது சாருக்கு."

"அளவு என்னுதாச்சே."

"தனக்குத் தானே குனிஞ்சி அளந்தா தோள் எறங்கிடும்மா, தடி குட்டையாப் பூடும். யாரையாச்சும் அளக்கச் சொல்லுங்கன்னேன். 'வீட்லயும் என் ஒயரந்தான், அவங்க அளவே எடுத்துக்கறேன்'னாரு."

"அவருக்கு எதுக்குத் தடி?"

ஏழுமலை நெருப்பைக் கிளறினார்.

"கால் மரத்துப் பூடுதாமே... பாத்ரூம்ல கூட உழுந்துட்டாராமே. உங்களுக்குத் தெரியாதா? 'சொன்னா அப்புறம் வெளிய உடமாட்டாங்க, ஊட்டுலயே கெடக்கணும், பெரிய பேஜாரு'ன்னாரு."

சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்திருக்கிறார். தள்ளாடுவதை நான் பார்க்கக் கூடாது என்றுதான் என்னை முன்னால் போகச் சொல்லியிருக்கிறார். ஊரிலிருக்கும் அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேன். இவர் கால்களை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுகையாக வந்தது. பக்கத்து சீட்டுப் பெண் கேட்டபோது, தூசி விழுந்துவிட்டது என்றேன்.

தடி தயாராகவே இருந்ததால் கையோடு வாங்கி வந்துவிட்டேன். வழவழவென்று கல்மூங்கில், அடியில் வழுக்காமலிருக்க ரப்பர் குப்பி. வீட்டுக்குள் வந்ததும் அவர் எதிரில் நீட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஏழுமலை எனக்குன்னு செஞ்சிருக்காரு. எனக்குப் பிடிக்கல. நீங்க வெச்சிக்குங்க" என்றேன்.

தடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார்.

வீட்டிலேயே கிட என்று நான் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். டாக்டரிடம் மட்டும் இழுத்துக்கொண்டு போனேன். மாத்திரை கொடுத்திருக்கிறார், தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். இப்போது சாயங்காலம் ஆனால் இருவரும் சேர்ந்தே கடைத்தெருவுக்குப் போகிறோம். பக்கத்துப் பக்கத்தில்தான் நடக்கிறோம்.

"கால் வலிக்குதாங்க?" என்று கேட்டால், "சேச்சே, கொஞ்சங்கூட இல்ல" என்கிறார்.

நான் நம்பவில்லை.