வெள்ளைத் திரைக்கு முன்னால்

ஆடி மாதத்தில் என் மகளுக்குக் கல்லூரி திறந்தது. கடைசி வருடத்தின் முதல் செமஸ்டர். பை, செருப்பு, கால்குலேட்டர் எல்லாம் வாங்கியாகிவிட்டது. போட்டோ மட்டும்தான் பாக்கி. அது கல்லூரி அடையாள அட்டைக்கும் வேண்டும், ஜெர்மனியில் மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கவும் வேண்டும். கல்லூரிக்காரர்கள் எப்படி இருந்தாலும் வாங்கிக்கொள்வார்கள். ஜெர்மனிக்கு அப்படி இல்லையாம். பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும், சிரிக்கவே கூடாது. அந்த வாரத்துக்குள் அனுப்பவில்லை என்றால் ஒரு வருடம் போய்விடும் என்றாள்.

"சிரிக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?" என்று கேட்டேன்.

"ஜெர்மனிக்காரன். போன் போட்டுக் குடுக்கறேன், நீயே சண்ட போடு."

நான் தினமும் ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை என்றேன். அஷ்டமி என்றேன். கிருத்திகைக் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க முடியாது என்றேன். அது பொய்யில்லை. திருத்தணி மலைக்குப் போகிற காவடிகளும் இறங்கி வருகிற மொட்டைத் தலைகளும் எங்கள் ஊர் கே.ஜி.கண்டிகை வரைக்கும் சாலையை அடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் இட்லிக் கடையில் மாவு வெயில் ஏறுவதற்குள் தீர்ந்துபோனது. ஆனால் நான் பயந்தது கூட்டத்துக்கு இல்லை, எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த என் அண்ணனுக்கு.

அண்ணன் துபாய்க்கு வேலைக்குப் போக இருந்தவன். நான் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட்டுக்காகத் திருத்தணி பஜாரில் ஒரு ஸ்டுடியோவில் போட்டோ எடுத்தான். அங்கே ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். யார் வந்தாலும் அதைத்தான் மாட்டிவிட்டு எடுப்பார்கள். அண்ணனுக்குத் தோளில் தொளதொளவென்று இருந்ததால், முதுகுப் பக்கம் துணி கிளிப்பைப் போட்டு இழுத்துப் பிடித்தார்களாம். வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டிச் சிரித்தான்.

மனு கொடுத்துவிட்டு வந்த கொஞ்ச நாளில் மஞ்சள் காமாலை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்தோம். அரக்கோணம் போனோம், அங்கிருந்து வேலூர் போகச் சொன்னார்கள். வேலூரிலிருந்து வேனில்தான் கொண்டுவந்தோம்.

வீட்டில் அவனுடைய வேறு படம் இல்லை. ஸ்டுடியோவில் நெகட்டிவ் இருந்தது. கருமாதிக்குள் அதையே பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எப்போதும் இளித்துக்கொண்டே திரிந்தவன், அதில் மட்டும் வாயை இறுக்கிக்கொண்டு நேராகப் பார்க்கிறான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் போலீஸ்காரர் ஒருவர் பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தார். வாசலில் நின்று, கையில் இருந்த காகிதத்தைக் காட்டி, "இந்தப் பையன் இந்த வீட்லதான் இருக்கானா?" என்று கேட்டார்.

எங்கள் அம்மா, "ஆங், இங்கதாங்க கீறான். வாங்க" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் கையைக் காட்டி வழிவிட்டு நகர்ந்தாள்.

அவர் உள்ளே ஒரு காலை வைத்தார். காகிதத்தில் ஒட்டியிருந்த சின்ன முகத்தைப் பார்த்தார், சுவரில் இருந்த பெரிய முகத்தைப் பார்த்தார், மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார். இரண்டிலும் அதே கோட்டு, அதே முகம். சுவரில் இருந்ததற்கு மாலை போட்டிருந்தது. தொப்பியைக் கழற்றினார். நான் கொண்டுபோய்க் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பிறகு அம்மா பாதி நேரம் படுக்கையிலேயே கிடந்தாள். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தேன்.

கோட்டு என்னை விடவில்லை. அம்மையார்குப்பத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போனால் அங்கே சுவரில் அதே கோட்டு, வேறு முகம். பொதட்டூர்பேட்டையில் பெண் பார்க்கப் போன வீட்டில், தறிக்கு மேலே ஒரு படம். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மேல் பொத்தான் பாதி உடைந்திருக்கும், இடது பக்கக் காலர் மடங்கியிருக்கும். போன இடமெல்லாம் செத்தவர்கள் அந்த ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும்.

விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாளுக்கு முந்தின நாள் என் மகளே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அதே ஸ்டுடியோதான். இப்போது பழைய ஸ்டுடியோக்காரருடைய மகன் நடத்துகிறார். ஆணியும் இல்லை, கோட்டும் இல்லை. ஏசி போட்டு, கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார். வெள்ளைத் திரை மட்டும் அன்றைக்கு மாதிரியே தொங்கியது.

அவள் முடியை இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"தாடைய கொஞ்சம் எறக்கு பாப்பா. சிரிக்காத. இன்னும் சிரிப்பு கீது பாரு, வாய மூடு. ஆங், அப்படியே இரு."

கம்ப்யூட்டரில் படம் வந்தது. முடியையும் சிரிப்பையும் எடுத்துவிட்டால் அவளுக்கு இப்படி ஒரு முகம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இடது காது லேசாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. என் அண்ணன் என்னைப் பார்த்தான்.

ஸ்டுடியோக்காரர் பிரமாதமாக ஏதோ செய்துகொடுக்கிறவர் மாதிரி சொன்னார்: "படம் நம்ம சிஸ்டத்துலயே இருக்கும்க்கா. எத்தினி வருசம் கழிச்சி வந்தாலும் சரி, எந்த சைஸ் கேட்டாலும் பெரிசு பண்ணிக் குடுத்துடுவேன்."

"அழிச்சிடுப்பா."

"என்னாக்கா?"

"அழிச்சிடுன்றேன் இல்ல."

"அண்ணா, அழிக்காதீங்க," என்றாள் மகள். "எங்கம்மாவுக்கு வெயிலு. நீங்க பிரிண்ட் போடுங்க, தோ வந்துடறேன்."

வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். தெருவில் மேளமும் அரோகராவும் காதை அடைத்தன. அந்த இரைச்சலில் முதல்முறையாகக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. பூக்கடைக்காரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சிரிக்கவில்லை. "போட்டோ எடுத்துகினு நல்லா இருக்கறவங்க யாரும் செவுத்துல இல்லம்மா. அதான் உன் கண்ணுல படல," என்றாள்.

சரிதான். எனக்கு அது தோன்றியதே இல்லை. ஆனாலும் ஸ்டுடியோ வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் போறது உனக்குப் பிடிக்கலன்னா அதச் சொல்லு. இன்னிக்கே விட்டுடறேன். போட்டோ மேல பழி போடாத."

"போவாதன்னு நான் சொன்னனா?"

"பின்ன என்னாதான் சொல்ற?"

"நீ போயிட்ட பிறகு எவனாவது வந்து, இந்தப் பொண்ணு எங்கன்னு கேட்டா, நான் எங்க கைய காட்டுவேன்?"

மாமா செத்தது அவளுக்குத் தெரியும். போலீஸ்காரர் வந்தது தெரியாது. அதையும் சொன்னேன். அவள் என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு காவடி எங்களை இடித்துக்கொண்டு போனது. அழிக்கச் சொல்வாள் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அப்படிச் சொல்லிவிடுவாளோ என்று அதற்கும் பயமாக இருந்தது. அவள் உள்ளே போய்ப் படங்களை வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஷேர் ஆட்டோவில் எங்களோடு ஒரு மொட்டைக் குடும்பம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. சந்தன வாசனை. அவள் படக் கவரைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"காலேஜுக்குக் குடுத்தது போக மிச்சமெல்லாம் எங்கிட்டயே இருக்கட்டும். போவும்போது எடுத்துகினு போயிடறேன். ஒண்ணு கூட இங்க விட்டுட்டுப் போவ மாட்டேன். போதுமா?"

"போதும்," என்றேன்.

நிம்மதி வர வேண்டியதுதான். வரவில்லை. கண்டிகை நெருங்க நெருங்க, அவள் பை, அவள் செருப்பு, அவள் முகம் எல்லாம் போன வீட்டை நினைத்துப் பார்த்தேன்.

"ஒண்ணு குடு," என்றேன்.

"என்னாது?"

"ஒண்ணே ஒண்ணு. எங்கிட்ட இருக்கட்டும்."

"போன்ல ஆயிரம் கீதேம்மா."

"அது போன்ல."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடியும் ஜிப்பைத் திறந்தாள். படங்களை மடியில் பரப்பி ஒன்றை எடுத்தாள், வைத்தாள், வேறொன்றை எடுத்தாள்.

"எல்லாம் ஒரே படம்தான? எதையாவது குடு."

"இல்ல. இதுல கொஞ்சம் சிரிக்கறேன் பாரு," என்று என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். எதிரில் இருந்த மொட்டை அம்மா எட்டிப் பார்த்து, "ஆங், சிரிக்குதும்மா உம் பொண்ணு," என்றாள்.

விண்ணப்பம் போய்விட்டது. பதில் இன்னும் வரவில்லை. படம் என் பர்ஸில் இருக்கிறது. காலையில் அவள் கல்லூரி பஸ் ஏறியதும் எடுத்துப் பார்க்கிறேன். சில நாள் அவள் சொன்ன சிரிப்பு இருக்கிற மாதிரிதான் தெரிகிறது. சில நாள் அண்ணன்தான் பார்க்கிறான். அந்த நாட்களில் அவள் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்து போன் செய்கிறவரை, கடைக்கு வந்தவர்கள் எதைக் கேட்டாலும் இரண்டு தரம் கேட்க வேண்டியிருக்கிறது.