பட்டியலில் ஒரு பெயர்

என் அலமாரியின் கீழ்த்தட்டில் துவைத்து மடித்த ஒரு துணி இருக்கிறது. நீலக்கரை போட்ட பழைய புடவையின் கிழிசல். முன்பு ஒரு மீன்கூடையை மூடியிருந்தது. திங்கட்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு அருகிலுள்ள ரசாயன ஆலையின் அபாயச் சங்கைச் சோதனைக்காக ஒலிக்க விடுகிறார்கள். சோதனைதான் என்பதை நான் நன்கறிவேன். ஆயினும் ஒலி எழுந்ததும் என் கை அந்தத் துணியைத் தேடிப் போகிறது. பட்டம் பெற்று, முப்பத்து நான்கு ஆண்டுகள் வருவாய்த் துறையில் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணைகூடப் பெறாமல் பணியாற்றியவன் நான். என்னைப் பற்றி இவ்வாறு எழுத நேர்வது எனக்கு உவப்பானதன்று.

துணிக்கு உரியவர், காலடிப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவந்த அம்மா. கணவரைக் கடலில் இழந்தவர். அவருடைய விதவை உதவித்தொகை விண்ணப்பத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். மாமனார் பெயர், கணவர் பெயர் இரண்டின் முதலெழுத்துகளையும் முன்னே இட்டு எழுதினேன். அது என் எழுத்துப் பழக்கம். "எனக்கு ரெண்டு இனிஷியலா சார்? எங்க குப்பத்துல எந்த ஆம்பளைக்கும் கெடையாதே" என்று சிரித்தார்.

ஒரு நாள் காலை அவர் என் வாசலில் கூடையை இறக்கிய நேரத்தில் ஆலையின் குழாயிலிருந்து வாயு கசிந்தது. முதலில் கண் எரிந்தது. பின்பு தொண்டையை யாரோ இறுக்கியதைப் போலிருந்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்து கிடந்தது, உள்ளே இருமிக்கொண்டே இருந்தார்கள். நான் அசையாமல் நின்றேன். அவர் கூடைத் துணியை உருவி, என் வீட்டுக் குழாயில் நனைத்து, இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை என் முகத்தில் அழுத்தினார். எந்நாளும் சார் என்று அழைத்தவர் அன்று, "வாயத் தொறக்காத நைனா, காத்து வர்ற பக்கமா நட" என்றார். நடந்தேன். பிழைத்தேன்.

மறுநாள் குப்பத்து மக்கள் ஆலை வாசலில் அமர்ந்தார்கள். சரக்குப்பெட்டக லாரிகள் சாலை நெடுக நின்றன. கழிமுகத்தில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை அவர்கள் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அமர்வதற்கும் அதையே வைத்தார்கள். முன்வரிசையில் இன்று ஒரு வீடு, நாளை வேறு வீடு.

எனக்கோ, தலைவர்களின் பட்டியல் மாலைக்குள் வேண்டும் என்று மேலதிகாரி ஆணையிட்டிருந்தார். ஓய்வு பெற ஏழு மாதங்களே இருந்தன. "பட்டியல் இல்லையென்றால் உங்கள் ஓய்வூதியக் கோப்பை நானே பார்க்க வேண்டியிருக்கும்" என்றார், குரலை உயர்த்தாமல். முன்வரிசையில் இருந்த முதியவரிடம் தலைவர் யார் என்று கேட்டேன்.

"இன்னிக்கு எங்க வூட்டு பாடு சார். நாளைக்கி வந்தா அந்த வூட்டாண்ட கேளு."

பின்னாலிருந்து ஒருத்தி, "சாருக்கும் ஒரு பாடு குடு மாமு. வெயில்ல நின்னுகினே கீறாரு, பாவம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. அலுவலகத்தில் வெற்றுத் தாளின் முன் அமர்ந்தேன். குப்பத்தில் எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்று. அதை எழுதினேன்.

மறுநாள் முன்வரிசையில் அமரும் முறை அந்த மீன்கார அம்மாவுடையதுகூட இல்லை. பின்னால் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தவரைப் போலீஸ் வேனில் ஏற்றிச் சென்றார்கள். கூட்டம் கலையும் என்று அதிகாரிகள் நம்பினார்கள். நானும் நம்ப விரும்பினேன். ஆனால் அடுத்த பாடு விழுந்த வீட்டார் வந்து அமர்ந்தார்கள். அதற்கடுத்த நாள் பக்கத்து விம்கோ நகரிலிருந்தும் மக்கள் வந்து சீட்டில் தங்கள் பெயரையும் சேர்க்கச் சொன்னார்கள். பிரதிநிதிகளை அனுப்புங்கள், பேசலாம் என்று சொல்லிவந்த அமைச்சருக்குத் தனியே அழைத்துப் பேச ஒருவரும் கிடைக்கவில்லை. அச்சுறுத்தவோ விலை பேசவோ ஒரு முகம் அகப்படாததால், இறுதியில் அவரே வெயிலில் வந்து நின்று, எல்லோர் செவியிலும் விழும்படி ஆணையை வாசித்தார். குழாயை அகற்றுவது, அபாயச் சங்கு வைப்பது, கைதானவரை விடுவிப்பது. கையில் தாள் படபடக்க அவர் வாசித்ததைக் கண்டேன். அவரும் அஞ்சியிருந்தார்.

பதினெட்டு நாள் சிறையிலிருந்து மீண்டவர் வழக்கம்போல் கூடையோடு என் வாசலுக்கு வந்தார். சங்கரா மீனை எடுத்து வைத்தபடியே, தலை நிமிராமல் சொன்னார்: "ஸ்டேசன்ல பேர் படிச்சாங்க சார். ரெண்டு இனிஷியலும் கரீட்டா இருந்துச்சு."

மீனை எப்போதும்போல் ஆய்ந்து கொடுத்துவிட்டுப் போனார். அவர் குப்பத்தில் சொல்லிவிடுவார் என்று எத்தனையோ நாள் கதவோசைக்கெல்லாம் திடுக்கிட்டிருக்கிறேன். எவரும் வரவில்லை.

இப்போது முழங்கால் வலியால் அவர் வருவதில்லை, மகள் வருகிறாள். சென்ற திங்கட்கிழமை அவள் கூடையை இறக்கியபோது சங்கு ஒலித்தது. நான் என்னையறியாமல் துணியை நனைத்து முகத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் துணியின் நீலக்கரையைப் பார்த்தாள், பின்பு என்னைப் பார்த்தாள்.

"எங்கம்மா உங்கள எப்பவும் விசாரிச்சுகினே கீது சார்" என்றாள்.

சங்கு ஓய்ந்த பிறகும் துணியை முகத்திலிருந்து எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.