சுந்தரலிங்கம் இல்லாத மார்கழி

சுந்தரலிங்கத்தின் மனைவி மரகதம் போன் செய்தபோது நான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். "அண்ணே, அவரு தவறிட்டாருங்க" என்றாள். குரலில் நடுக்கமே இல்லை. நான் சிரித்துக்கொண்டே, "போன வாரத்துக்கு இப்ப தேவலாம்மா, அழாம சொல்லிட்டே. அடுத்து யாருக்கு?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் திருமயம் ரோட்டில் ஏதோ பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போவது மட்டும் கேட்டது. பிறகு, "இது நெசம்ண்ணே" என்றாள்.

இதைப் படிக்கும் எங்கள் அலுவலகத்து ஆட்கள் பலருக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள். சுந்தரலிங்கம் எப்படி வாழ்ந்தார் என்று தெரிந்தால்தான் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

எங்கள் பிரிவுக்கு வருகிற காகிதமெல்லாம் ஓய்வூதியம் சம்பந்தப்பட்டது. புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் குடும்ப ஓய்வூதியம் கேட்டு வருவார்கள். குளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். எந்த பேங்க், கேஸ் சிலிண்டர் யார் பெயரில் இருக்கிறது, வீட்டு வரி கட்டியாயிற்றா, எதைக் கேட்டாலும் "அவருக்குத்தாங்க தெரியும்" என்பதுதான் பதில். அந்த அம்மா போன பிறகு, எனக்குப் பக்கத்து மேசையிலிருந்த சுந்தரலிங்கம் பேனாவை மூடி வைத்தார். "செத்தவரைப் போயிக் கூட்டியாந்து கேளுங்கங்குது சார் அந்தம்மா. எங்க வீட்லயும் இதேதான்" என்றார். வயது இருக்கும்போதே அவர் விருப்ப ஓய்வு கேட்டதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். என்னைக் கேட்டால் அந்த அம்மாதான் காரணம்.

முன்கூட்டியே வெளியே வந்தால் ஓய்வூதியம் குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் குறைச்சலில் அவர் குடித்தனம் நடத்திய அழகை என்னவென்று சொல்வது! கரண்டு இலவச யூனிட்டைத் தாண்டாது. அரிசி கழுவிய தண்ணீர் முருங்கைக்குப் போகும். சந்தை கலைகிற நேரம் பார்த்துப் பை எடுத்துக்கொண்டு போவார், கூறு கட்டி வைத்த கத்தரிக்காயை விற்கிறவரே வேண்டி விரும்பிக் கொடுப்பார். ஒருமுறை என் வீட்டுக்கு வந்தவர், ஆளில்லாத அறையில் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, பேச்சை நிறுத்திப் போய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். என் மனைவிக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் கஞ்சப்பிசினாறி என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். வந்தவருக்குச் சோறு போடாமல் அவர் அனுப்பியதில்லை. "சம்பளம் வாங்குனப்ப நாம பணக்காரனும் இல்ல சார், இப்ப ஏழையும் இல்ல. தெரிஞ்சு செலவு பண்றோம், அவ்வளவுதான்" என்பார்.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு ஒத்துவரவில்லை. வருடத்தில் ஒரு மாதம் தான் செத்துப்போனதாக வைத்துக்கொண்டு வீட்டை நடத்திப் பார்க்க வேண்டும் என்றார். தான் போனால் வரப்போகிற குடும்ப ஓய்வூதியம் எவ்வளவோ, அதை மட்டும்தான் அந்த மாதம் மரகதம் கையில் கொடுப்பார். அதற்குள் அவள் ஒருத்தியாகச் சமாளிக்க வேண்டும். பேங்குக்கு அவள்தான் போக வேண்டும், சிலிண்டரை அவள்தான் மாட்ட வேண்டும். இவர் பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில் தனிச் செலவில் சாப்பிட்டுக்கொள்வார். வீட்டில் இருப்பார், ஆனால் இருக்க மாட்டார். அவள் இவரிடம் எதையும் கேட்கக் கூடாது, பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. "ஆடியில வெச்சா ஒங்க கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து வரிசையா வரும், கணக்கு கெட்டுரும்" என்று மார்கழியைத் தேர்ந்தெடுத்தார்.

முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். இரண்டாம் வருடம் மார்கழியில் ஏதோ வேலையாகத் திருமயம் போனவன், அப்படியே அவர் வீட்டுக்கும் போனேன். மரகதம் கதவைத் திறந்து, "வாங்கண்ணே. அவரு இல்லைங்களே" என்றாள். அவளுக்குப் பின்னால் ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் மனுஷன் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்! நான் சிரித்தேன். அவர் நிமிரவில்லை, அவளும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் காபி வந்தது. "அவரு இருந்தப்ப சக்கரை கம்மியாப் போடச் சொல்லுவாரு" என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டே, அவர் நீட்டியிருந்த காலைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அந்தக் காலை ஒரு தூணைப் போலத்தான் தாண்டினாள். பட்டப்பகலில், வெயில் அடிக்கிற கூடத்தில், எனக்குக் கை ரோமம் சிலிர்த்துக்கொண்டது. காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

கேட்டைத் தாண்டிய பிறகுதான் பின்னாலேயே வந்து வாயைத் திறந்தார். "எப்படி சார்?" முகமெல்லாம் பூரிப்பு.

"நல்லால்ல சார். அந்தப் புள்ளையப் பாக்கவே பயமாருக்கு."

"மொத வருஷம் நாலு நாள் தாங்கலை. சோத்தைப் போட்டுட்டு வந்து அழுதா. இப்ப நானே கூப்பிட்டுப் பாக்குறேன். 'மரகதம், கொஞ்சம் தண்ணி கொண்டா'ம்பேன். திரும்புனா தோத்துட்டான்னு அர்த்தம். நேத்து மூணு தடவை கூப்பிட்டேன், ஆளு அசையலையே!" பெண் பாஸாகிவிட்ட அப்பன் மாதிரி சொன்னார். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். நல்ல காலத்துக்கு அன்றைக்கு ஜன்னலோரம் இடம் கிடைக்கவில்லை, அவர் கையாட்டுவதைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இந்த வருடம் புதிதாக ஒன்றைச் சேர்த்தார். யார் யாருக்கு முதலில் போன் செய்ய வேண்டும், அழாமல் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதையும் பழக வேண்டுமாம். முதல் பெயர் என்னுடையது. மார்கழி பிறந்த வாரமே மரகதம் எனக்குப் போன் செய்து, "அண்ணே, அவரு..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் வைத்துவிட்டாள். இரண்டாவது தடவைதான் நான் சிரித்தது.

காரியத்துக்கு வந்தவர்களெல்லாம் அவளைப் பார்த்து மலைத்துப்போனார்கள். மாரடைப்பு என்றார்கள், யாரும் எதிர்பார்க்காத சாவு. அவளோ எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று தேடவில்லை, யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஓசூரிலிருந்து வந்த மகள், "எப்பம்மா நீ இவ்வளவு கெட்டிக்காரி ஆனே?" என்று கட்டிக்கொண்டு அழுதாள். என்னோடு வந்துவிடு என்று எவ்வளவோ கூப்பிட்டும் மரகதம் அசையவில்லை. எல்லாரும் சுந்தரலிங்கத்தின் முன்யோசனையைப் புகழ்ந்தார்கள். நானும்தான் புகழ்ந்தேன். கையில் எவ்வளவு வரும், அதில் எப்படி நிற்க வேண்டும் என்று தெரிந்து நிற்கிற பெண்ணை எங்கள் மேசைக்கு முன்னால் நாங்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்போம்?

தை பிறந்து மகள் ஊருக்குப் போன பிறகு ஒருநாள் போயிருந்தேன். வீடு சுத்தமாக இருந்தது. நாற்காலி அதே ஜன்னலோரம் இருந்தது. மரகதம் அதைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தாள். நானும் உட்கார வேறு இடம் பார்த்துக்கொண்டேன்.

"அந்த நாக்காலிய எடுத்து அங்கிட்டுப் போடலாம்ல தங்கச்சி?" என்றேன்.

"எதை?" என்றாள். பிறகு சுதாரித்துக்கொண்டு நாற்காலியைப் பார்த்தாள். முகம் உடைந்தது. அன்றைக்கு நடந்ததை அப்போதுதான் சொன்னாள். காலையில் அவர் மெஸ்ஸுக்குப் போகவில்லை. போகாவிட்டால் ஏன் என்று கேட்கக் கூடாது, அது விதி. இவள் கூட்டினாள், துடைத்தாள், அவர் காலைச் சுற்றி ஈரத்துணியை இழுத்தாள். பேப்பர் மடியிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது, அதையும் எடுக்கக் கூடாது. குழம்பு கொதித்து இறக்கி வைத்த பிறகும் பேப்பர் அதே பக்கத்தில் கிடந்தது. அதற்கப்புறம்தான் விதியை மீறித் தொட்டாள். உடம்பு குளிர்ந்திருந்தது.

"ஒனக்கெப்படித் தெரியும்? அவரு சொன்னபடிதானே செஞ்சே?" என்றேன்.

"கூப்பிட்டாருண்ணே."

"எப்ப?" என்றேன்.

"நான் கூட்டிக்கிட்டு இருக்கேன். 'மரகதம்'னாரு. ஒரே ஒரு தடவைதான். தண்ணி கேக்கல, ஒண்ணும் கேக்கல, பேரு மட்டுந்தான். சோதிக்கிறாருன்னு நெனச்சேன். திரும்பலண்ணே. திரும்பாம இருந்ததுக்கு மனசுக்குள்ள சந்தோசம் வேற. இந்த வருசம் ஒரு தடவைகூடத் தோக்கலைன்னு."

சத்தம் போட்டு அழுதாள். காரியத்தில்கூட அழாதவள் அன்றைக்குத்தான் அழுதாள். ஓய்ந்த பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீங்க அவரைப் பத்தி எழுதப் போறதாச் சொன்னீங்கள்ல? இதையும் எழுதிருங்க. ஊரே என்னைக் கெட்டிக்காரிங்குது, காது குடுத்துக் கேக்க முடியல" என்றாள். எழுதிவிட்டேன் தங்கச்சி.

சுந்தரலிங்கம் சார், உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. பாசமும் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று குறைத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டு வரவு செலவை என் மனைவிக்கு முழுசாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். பேங்குக்கு அவளே போகிறாள். அவ்வளவும் நீங்கள் கொடுத்தது, அதை வைத்துக்கொள்கிறேன். மார்கழி மட்டும் எங்கள் வீட்டுக்கு வேண்டாம். இதோ, உள்ளே இருந்து அவள் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். எதற்கென்று தெரியவில்லை. எழுந்து போகிறேன்.