மிஷின் நின்ற சீசன்

திருத்தங்கலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் அப்பா தினசரி காலண்டர் போட்டுக்கொண்டிருந்தார். அட்டையில் படம் ஒட்டுவது ஒரு பக்கம், தேதித்தாளைத் தைப்பது ஒரு பக்கம். கடைசியில் எல்லாம் அப்பாவின் தங்கையான என் அத்தையிடம் வந்து சேரும். காலண்டரின் தலையில் தகரப் பட்டையை வைத்து அழுத்தும் மிஷின் அவர் பொறுப்பு.

அந்த சீசனில் அந்த மிஷினுக்கு என்ன கேடோ, அடிக்கடி நின்றது. காலண்டர் கட்டெல்லாம் லாரியில் லோடு ஏறிய மறுநாள் எல்லோரும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போவதாகப் பேச்சு. ராட்டினம் சுற்றும் ஆசையில் எனக்குத் தூக்கமே வரவில்லை. லோடோ ஏறுகிற வழியாக இல்லை.

மிஷின் நின்றால் சாத்தூரிலிருந்து மெக்கானிக் பைக்கில் வருவார். சின்ன வயசுக்காரர். அவர் கை பட்டதும் ஓடும். அவர் போன மறுநாளே நின்றுவிடும்.

அப்பா சும்மா இருப்பவரல்ல. செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் கொட்டகையில் நின்றார். ஒட்டுகிறவர்களை விரட்டிப் பார்த்தார். அத்தைக்கு முன்னால் குவியல் என் உயரத்துக்கு வந்ததே தவிர, ஒரு கட்டுகூட அதிகம் வெளியே போகவில்லை. வேலை தேங்குகிற இடம் இதுதான் என்று கண்டுபிடித்து, அத்தையைப் படம் ஒட்ட அனுப்பிவிட்டு அம்மாவை மிஷினில் உட்கார வைத்தார். அன்றைக்கு மிஷின் சமர்த்தாக ஓடியது.

"என் தங்கச்சி கைராசி அம்புட்டுத்தேன்" என்றார் அப்பா. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அம்மாவுக்கு அடுப்படி வேலை கிடந்ததால் மறுநாள் அத்தையே உட்கார்ந்தார். மிஷின் நின்றது. மெக்கானிக் வந்தார். ஒரு நட்டைக் காணோம் என்று கொட்டகையே தரையில் குனிந்து தேடியது. நானும் தேடினேன். அத்தையின் முந்தானை நுனியில் ஒரு முடிச்சு. அதற்குள் கெட்டியாக என்னவோ. அவிழ்த்துப் பார்த்தேன்.

"அப்பா, நட்டு கிடைச்சிருச்சு! அத்தை பத்திரமா முடிஞ்சு வச்சிருக்காக!"

அத்தை வீட்டுக்குள் ஓடிவிட்டார். மெக்கானிக் தலையை நிமிர்த்தவே இல்லை. அப்பா நட்டைப் பார்த்தார், மெக்கானிக்கைப் பார்த்தார், பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"ஏத்தா, இதை முன்னமே சொல்லியிருந்தா லோடு அப்பவே போயிருக்குமே!"

சொல்லிவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமலே. அன்று மெக்கானிக்கும் எங்களோடு உட்கார்ந்து கட்டுப் போட, பொழுது சாய்வதற்குள் லோடு ஏறிவிட்டது.

மறுநாள் இருக்கன்குடிக்கு மெக்கானிக்கின் அப்பா அம்மாவும் வந்திருந்தார்கள். நான் கேட்ட தடவையெல்லாம் ராட்டினம் சுற்றினேன். நட்டைக் கண்டுபிடித்ததற்குப் பரிசு என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

தை மாதம் அத்தை கல்யாணமாகிச் சாத்தூருக்குப் போனார். அதன்பிறகு அந்த மிஷின் ஒரு நாளும் நிற்கவில்லை. மாமா அவ்வளவு நன்றாகப் பழுது பார்த்திருக்கிறார் என்று ரொம்ப காலம் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.